பிரவுசர் திணறுகிறது: கேஷ் அழித்தும், மறுபடி நிறுவியும் தீரவில்லை

பனையோலை

வணக்கம். மூன்று வாரமாக வீட்டுக் கணினியில் பிரவுசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி எதைத் தொடுவது என்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

கணினி ஆறு வருடம் பழையது. விண்டோஸ் 10, ரேம் 8 ஜிபி, எஸ்எஸ்டி கிடையாது, பழைய ஹார்ட் டிஸ்க்தான். பிரவுசர் குரோமியம் வகை (குரோம், எட்ஜ் போன்றவை). வீட்டில் இருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். எழுதுவது, திருத்துவது, அனுப்புவது எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிறது. அது நின்றால் என் வேலையும் நின்றுவிடும்.

ஐகானைச் சொடுக்கினால் ஜன்னல் திறக்கவே முக்கால் நிமிடம் ஆகிறது. முதல் பக்கம் வெள்ளையாக நிற்கும், அப்புறம் சட்டென்று வரும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தட்டச்சுதான் கொடுமை. ‘வணக்கம்’ என்று அடித்துவிட்டுக் கையை எடுத்தால் திரையில் ‘வ’ மட்டும் நிற்கிறது. இரண்டு நொடி கழித்து மீதி எழுத்துகள் மொத்தமாக வந்து விழுகின்றன. சில நேரம் நடுவில் ஒரு எழுத்து விழுங்கப்பட்டு ‘வணகம்’ ஆகிவிடுகிறது. ஃபேன் வேறு இடைவிடாமல் இரைகிறது.

இதுவரை செய்தவை: கேஷ், ஹிஸ்டரி, குக்கீ எல்லாவற்றையும் இரண்டு முறை அழித்தேன். பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்திருந்த தமிழ்த் தட்டச்சு எக்ஸ்டென்ஷன் மீது சந்தேகம் வந்து அதையும் எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் ஒலியியல் விசைப்பலகைக்கு மாறினேன். எதுவும் மாறவில்லை. தெரிந்தவர் ஒருவர் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடச் சொல்கிறார். பத்து வருடப் பாஸ்வேர்டுகள் இந்தப் பிரவுசருக்குள் இருக்கின்றன. கை வைக்கப் பயமாக இருக்கிறது.


கடுகு

எனக்கும் இப்படி ஆனது. வேறு பிரவுசருக்கு மாறினேன், சரியாகிவிட்டது. ஃபயர்பாக்ஸ் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.


திருப்புளி

பனையோலை, முதலில் எதையும் அழிக்காதீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போடும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இன்னும் யாரும் நோயைப் பார்க்கவே இல்லை, அதற்குள் மருந்து மட்டும் நாலு வகை கொடுத்தாகிவிட்டது.

கேஷைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தளத்தின் படங்களையும் எழுத்துருக்களையும் நிரல்களையும் மறுபடி மறுபடி இறக்காமல் இருக்கத்தான் பிரவுசர் அவற்றை வட்டில் வைத்துக்கொள்கிறது. அதை அழித்தால் அடுத்த முறை எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டும், அதாவது இன்னும் மெதுவாகும். குறிப்பிட்ட ஒரு தளம் உடைந்து தெரிந்தாலோ, பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தாலோ கேஷ் அழிப்பது சரியான மருந்து. பிரவுசர் மொத்தமும் மந்தமாக இருந்தால் அது பெரும்பாலும் வீண் வேலை.

நீக்கிவிட்டு நிறுவியதும் ஏன் உதவவில்லை என்றால், நீக்கும்போது ‘உலாவல் தரவையும் நீக்கு’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்யாவிட்டால் உங்கள் அமைப்புகளையும் எக்ஸ்டென்ஷன்களையும் வைத்திருக்கும் புரொஃபைல் கோப்புறை அப்படியே இருக்கும். புதிய பிரவுசர் அதே கோப்புறையைத் திறந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோப்புறையையும் அழித்திருந்தால்கூட, கணக்கில் உள்நுழைந்த உடனே ஒத்திசைவு வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

கடுகு சொன்னது தவறில்லை. ஆனால் கணினியிலேயே கோளாறு இருந்தால் அது புதிய பிரவுசருக்கும் வந்து சேரும். நாம் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: மந்தமாக இருப்பது இணைப்பா, கணினியா, பிரவுசரா? மூன்றும் வெளியே ஒரே மாதிரி தெரியும். உள்ளே மூன்றும் வேறு வேறு.

இன்றைக்கு இவற்றை மட்டும் செய்யுங்கள். அமைப்புகளுக்குள் போய்ப் பாஸ்வேர்டுகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் வையுங்கள். அந்தக் கோப்பில் எல்லாம் வெறும் எழுத்தாகவே இருக்கும், யார் திறந்தாலும் படிக்கலாம். அதனால் பென் டிரைவைப் பத்திரப்படுத்துங்கள், வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள். புக்மார்க்குகளையும் அதே போல எடுத்து வையுங்கள். இது முடியும்வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

அடுத்து, அதே வைஃபையில் கைப்பேசியில் சில தளங்களைத் திறந்து பாருங்கள். பிறகு கணினியில் நோட்பேடைத் திறந்து தமிழில் நாலு வரி வேகமாக அடியுங்கள். கடைசியாக, பிரவுசரில் விருந்தினர் ஜன்னல் ஒன்றைத் திறந்து அதற்குள் தட்டச்சு செய்து பாருங்கள். விருந்தினர் ஜன்னலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் எதுவும் ஓடாது. மூன்றின் விடையையும் இங்கே போடுங்கள்.


பனையோலை

பாஸ்வேர்டுகளை எடுத்து வைத்துவிட்டேன். அதற்கே மனசு லேசானது.

கைப்பேசியில் எல்லாத் தளமும் பளிச்சென்று வருகின்றன. நோட்பேடில் தட்டச்சுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. விருந்தினர் ஜன்னலில் முதல் பக்கம் வர அதே தாமதம், ஆனால் தட்டச்சு அருமையாக ஓடுகிறது! அதே பிரவுசர், அதே கணினி. நம்பவே முடியவில்லை.


திருப்புளி

மிக நல்ல செய்தி. இப்போது உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு என்று தெரிகிறது. தட்டச்சுத் தாமதம் உங்கள் புரொஃபைலுக்குள் இருக்கிறது. முதல் பக்கத் தாமதம் அதற்கு வெளியே இருக்கிறது, ஏனென்றால் விருந்தினர் ஜன்னலிலும் அது வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் மூன்று வாரம் போயிருக்கிறது. முதலில் தட்டச்சைப் பார்ப்போம்.

வழக்கமான ஜன்னலில் நீங்கள் வேலை செய்யும் பக்கத்தைத் திறந்துகொண்டு ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் வேறு, இது பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர். குரோம் 2008இல் வந்தபோதே ஒவ்வொரு டேபையும் தனித்தனிச் செயல்முறையாக ஓட்டும் முறையோடுதான் வந்தது. அதனால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு ரேமும் சிபியூவும் தின்கிறது என்று இங்கே தனித்தனியாகப் பார்க்கலாம். சிபியூ என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் உள்ளது மேலே வரும். பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யுங்கள்.

ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே விசைகள்தான், அங்கே செயல்முறைகளின் பட்டியல் ஒரு டேபில் திறக்கும்.


பனையோலை

பார்த்தேன். தட்டச்சு செய்யும்போது அந்த ஒரு டேப் மட்டும் 90, 100, 110 என்று ஏறுகிறது. 100க்கு மேல் எப்படிப் போகும் என்று புரியவில்லை. எக்ஸ்டென்ஷன்கள் 11 இருக்கின்றன, அவை எல்லாமே 0 அல்லது 1தான். அப்படியானால் குற்றவாளி அந்தத் தளம்தானே?


திருப்புளி

100 என்பது ஒரு கோரின், அதாவது சிபியூவுக்குள் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதியின், முழு வேலை. உங்கள் சிபியூவில் பல கோர்கள் இருப்பதால் 100ஐத் தாண்டிப் போகலாம்.

தளம்தான் குற்றவாளி என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அனுபவமுள்ளவர்களே ஏமாறும் இடம் இது. எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று பின்னணியில் தனியாக ஓடும். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்டென்ஷன் என்ற பெயரோடு வருவது அது. இன்னொன்று நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும் நிரல். அது அந்தப் பக்கத்தின் செயல்முறைக்குள்ளேயே ஓடுகிறது. அதனால் அது தின்னும் சிபியூ முழுவதும் டேபின் கணக்கில் எழுதப்படும். எக்ஸ்டென்ஷன் 0 என்று காட்டிக்கொண்டே டேபைச் சாகடிக்க முடியும்.

விருந்தினர் ஜன்னலில் அதே தளம் நன்றாக ஓடியதே, அதுதான் சாட்சி. தளத்தில் கோளாறு என்றால் அங்கேயும் திணறியிருக்க வேண்டும்.

தமிழில் இது இவ்வளவு மோசமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஒலியியல் முறையில் ‘வணக்கம்’ என்று அடிக்க எட்டு விசைகள். ஒவ்வொரு விசைக்கும் திரையில் இருக்கும் எழுத்து மாறுகிறது. ‘வ்’ வந்து ‘வ’ ஆகிறது, ‘க்’ வந்து ‘க’ ஆகிறது. பக்கத்தில் எது மாறினாலும் உடனே பக்கம் முழுவதையும் முதலிலிருந்து படித்துப் பார்க்கும்படி ஒரு நிரல் எழுதப்பட்டிருந்தால், ஒரு சொல்லுக்கு எட்டு முறை அது உங்கள் முழு ஆவணத்தையும் படிக்கிறது. ஆவணம் நீள நீளத் தாமதமும் நீளும். அப்படித்தானே நடக்கிறது? புதிய ஆவணத்தில் கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும், நாற்பது பக்கம் தாண்டினால் நகராது.


பனையோலை

அப்படியே நடக்கிறது. நான் அதைச் சொல்லவே இல்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெரிய ஆவணங்களைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன்.


நடைவண்டி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எக்ஸ்டென்ஷன் வேட்டை நடக்கட்டும், ஆனால் அடிப்படைக் குறை ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. தேடும் தரவு தலைக்கு அடியில் வரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதன் மேல் தலை நகரும் நேரம். ஆக நொடிக்கு நூறு தனித்தனி இடங்களைப் படிப்பதற்குள்ளேயே அதற்கு மூச்சு வாங்கும். சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி பல ஆயிரம் படிக்கும். பிரவுசர் திறக்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளைத்தான் ஆயிரக்கணக்கில் படிக்கிறது. முக்கால் நிமிடத்துக்கு வேறு விளக்கமே தேவையில்லை.


திருப்புளி

நடைவண்டி, திறக்கும் நேரத்தைப் பொறுத்தவரை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். எஸ்எஸ்டி போட்டால் கணினிக்குப் புது உயிர் வரும். ஆனால் எழுத்து விழுங்கப்படுவதற்கும் வட்டுக்கும் தொடர்பில்லை. விருந்தினர் ஜன்னலும் அதே வட்டில்தான் ஓடியது. இப்போதே வட்டை மாற்றினால் பழைய தொல்லை புதிய வட்டுக்கும் குடிபோகும். முதலில் சுத்தம், அப்புறம் மாற்றம்.

பனையோலை, பாதி பாதியாகப் பிரிக்கும் முறையைச் செய்யுங்கள். 11 எக்ஸ்டென்ஷனில் ஆறை அணைத்துவிட்டு, டேபைப் புதுப்பித்து, தட்டச்சு செய்யுங்கள். சரியாகிவிட்டால் குற்றவாளி அந்த ஆறில் இருக்கிறது. இல்லையென்றால் மற்ற ஐந்தில். அதையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் பதினொரு முறை, இப்படிச் செய்தால் நாலு முறைக்குள் முடிந்துவிடும். எதையும் நீக்க வேண்டாம், அணைத்தால் போதும். அணைத்த பிறகு டேபைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். ஏற்கெனவே பக்கத்துக்குள் போய்விட்ட நிரல் பக்கம் மறுபடி ஏறும்வரை அங்கேயே இருக்கும்.


பனையோலை

விநோதமாக இருக்கிறது. முதல் ஆறை அணைத்தேன், தாமதம் அப்படியே இருந்தது. அவற்றைப் போட்டுவிட்டு மீதி ஐந்தை அணைக்கப் போனேன். நாலு அணைந்தன, ஐந்தாவது அணையவில்லை. அதன் பொத்தான் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. நீக்கு என்ற பொத்தானே காணோம். பிடிஎஃப் மாற்றித் தரும் ஏதோ ஒன்றாம். நான் நிறுவியதாக நினைவே இல்லை. பிரவுசர் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று ஒரு வரியும் இருக்கிறது. இது என் சொந்தக் கணினி. எந்த நிறுவனத்துக்கும் இதில் வேலை இல்லை. வயிற்றைக் கலக்குகிறது.


திருப்புளி

கண்டுபிடித்துவிட்டீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் இப்போதிலிருந்து இதைச் சரிசெய்து முடிக்கும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ புதிதாக உள்நுழைய வேண்டாம்.

அந்த வரியின் பொருள் இது. அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்துவதற்காகப் பிரவுசர்களில் பாலிசி என்ற வசதி இருக்கிறது. இந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும், பயனர் நீக்கக் கூடாது என்று நிர்வாகி எழுதி வைக்கலாம். விண்டோஸில் அது ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புகளின் பதிவேட்டில் பதிவாகிறது. கணினியில் நிர்வாகி அனுமதியோடு ஓடும் எந்த மென்பொருளும் அதே இடத்தில் எழுத முடியும். பிரவுசருக்கு யார் எழுதினார் என்று தெரியாது, எழுதியிருப்பதை மதிக்கும். நீங்கள் மறுபடி நிறுவியும் ஏன் தீரவில்லை என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். புதிய பிரவுசர் திறந்த உடனே ரெஜிஸ்ட்ரியைப் படித்து அதே எக்ஸ்டென்ஷனை மறுபடி இழுத்துக்கொண்டது.

அமைப்புகளில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன வந்தது என்று பாருங்கள்.


பனையோலை

இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய பழைய கோப்பைத் திறக்க, தேடலில் முதலில் வந்த ஒரு தளத்திலிருந்து கோப்பு மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனது இப்போது ஞாபகம் வருகிறது. தேதியும் சரியாகப் பொருந்துகிறது.


நடைவண்டி

என் வட்டு வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முதலில் இதை முடியுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இந்த வரி இருந்தால் அது இருக்க வேண்டிய வரிதான், அதைத் தொடாதீர்கள். தவிர, சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் வீட்டுக் கணினியில் பாலிசி எழுதுவது உண்டு. அந்த வரியைப் பார்த்த உடனே வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம்.


திருப்புளி

சரியான எச்சரிக்கை. எழுதியிருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் பிரவுசரின் பெயர், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு பாலிசி என்று அடித்தால் எழுதப்பட்ட பாலிசிகள் எல்லாம் தெரியும். ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ என்ற பெயரில் ஒரு வரி இருக்கும், அதன் மதிப்பாக ஒரு நீண்ட எழுத்துக் கோவை இருக்கும். அதுதான் அந்த எக்ஸ்டென்ஷனின் அடையாளம்.

இனி வரிசை முக்கியம். முதலில் அந்த மாற்றி மென்பொருளை நீக்குங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் மறுபடி எழுதிவிடும். அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் தேர்வுகளில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் முழுதாக ஏறுவதற்கு முன்னாலேயே சோதிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும். வழக்கமான ஸ்கேனின்போது ஒளிந்துகொள்ளக்கூடியவை இதில் மாட்டும்.

பிறகுதான் ரெஜிஸ்ட்ரி. தொடுவதற்கு முன் அந்தக் கிளையை வலது சொடுக்கி ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் மெஷின் என்ற கிளையில் சாஃப்ட்வேர், அதனுள் பாலிசீஸ், அதனுள் உங்கள் பிரவுசரைத் தயாரித்தவரின் பெயர். அதற்குள் பிரவுசரின் பெயரில் உள்ள கோப்புறைதான் நமக்கு வேண்டியது. சொந்தக் கணினி, நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆன்டிவைரஸும் வேறு போடவில்லை என்றால் அந்த ஒரு கோப்புறையை மட்டும் நீக்கலாம். பாலிசீஸ் முழுவதையும் நீக்கிவிடாதீர்கள், விண்டோஸின் அமைப்புகளும் அங்கே இருக்கின்றன. கரன்ட் யூசர் கிளையிலும் இதே இடத்தைப் பாருங்கள்.


பனையோலை

கைப்பேசியிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஸ்கேனில் இரண்டு மாட்டின. ரெஜிஸ்ட்ரியும் ஆயிற்று, ‘நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி போய்விட்டது, எக்ஸ்டென்ஷனும் போய்விட்டது. ஆனால் இப்போது ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைய இணைப்பு இல்லை என்கிறது. வைஃபை சின்னம் நன்றாகத்தான் இருக்கிறது, இந்தக் கைப்பேசியும் அதே வைஃபைதான். நாளை காலை ஒரு கோப்பு அனுப்ப வேண்டும்.


திருப்புளி

அந்தப் பிழைப் பக்கத்தில் ப்ராக்ஸி என்ற சொல் எங்காவது இருக்கிறதா?


பனையோலை

ஆமாம்! ப்ராக்ஸி சர்வரைச் சரிபார்க்கவும் என்று இருக்கிறது.


திருப்புளி

ரொம்ப நல்லது. உங்கள் இரண்டாவது கோளாறும் இப்போது பிடிபட்டுவிட்டது.

விண்டோஸ் அமைப்புகளில் நெட்வொர்க், அதற்குள் ப்ராக்ஸி. அங்கே ‘ப்ராக்ஸி சர்வரைப் பயன்படுத்து’ என்பது போடப்பட்டிருக்கும், முகவரி 127.0.0.1 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அணையுங்கள். ‘அமைவு ஸ்கிரிப்ட்’ என்பதும் போடப்பட்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

127.0.0.1 என்றால் உங்கள் கணினியே. அதாவது நீங்கள் கேட்ட ஒவ்வொரு பக்கமும் நேராக இணையத்துக்குப் போகாமல், முதலில் அந்த மென்பொருளின் கைக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போய் வந்திருக்கிறது. விருந்தினர் ஜன்னலிலும் முதல் பக்கம் தாமதமானது இதனால்தான். ப்ராக்ஸி விண்டோஸின் அமைப்பு, அது எந்த ஜன்னல் என்று பார்ப்பதில்லை. ஃபயர்பாக்ஸும் இயல்பாக விண்டோஸின் ப்ராக்ஸியைத்தான் பின்பற்றும், அங்கே மாறியிருந்தாலும் இது கூடவே வந்திருக்கும். இப்போது இடைத்தரகரை நீக்கிவிட்டோம், ஆனால் அவர் வழியாகத்தான் போக வேண்டும் என்ற உத்தரவு மட்டும் மிச்சமிருக்கிறது. அதனால்தான் எதுவும் திறக்கவில்லை.


பனையோலை

அணைத்தேன். அதே முகவரிதான் இருந்தது. அணைத்த அந்த நொடியே பக்கம் வந்தது. வெள்ளையாக நிற்கவே இல்லை.

அந்த நாற்பது பக்க ஆவணத்தைத் திறந்து ‘வணக்கம்’ என்று அடித்தேன். விரலோடு கூடவே எழுத்து வந்தது. மூன்று வாரம் கழித்து இதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.


மின்மினி

இழை முழுவதும் படித்தேன். அம்மாவின் கணினியில் திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று அடிக்கடி பெட்டி வருகிறது. இதுவும் இதே வகையா? எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லை, பாலிசி வரியும் இல்லை.


திருப்புளி

மின்மினி, அது அநேகமாக வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்புகளைக் காட்டலாமா’ என்று கேட்டபோது அம்மா அனுமதி கொடுத்திருப்பார். நான் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அனுமதியை அழுத்தவும் என்று எழுதி ஏமாற்றுவார்கள். பிரவுசர் அமைப்புகளில் தள அனுமதிகள், அதற்குள் அறிவிப்புகள், அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். கூடவே ‘அறிவிப்புக்குத் தளங்கள் கேட்க வேண்டாம்’ என்பதையும் தேர்வு செய்துவிடுங்கள், அம்மாவுக்கு இனி அந்தக் கேள்வியே வராது. அந்தப் பெட்டியில் வரும் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.


மின்மினி

ஏழு தளங்கள் இருந்தன, நீக்கிவிட்டேன். நன்றி.


திருப்புளி

பனையோலை, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை விட்டுவிட்டால் செய்தது எல்லாம் பாதிதான்.

அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி இருந்திருக்கும். அந்த அனுமதி இருந்தால் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டையும் படிக்கலாம். படித்ததா இல்லையா என்று நம்மால் சொல்ல முடியாது. படித்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் அதன் வழியாகத்தான் மீட்க முடியும். மாற்றும்போது ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுங்கள். குக்கீயைத் திருடிவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வரலாம், இதுதான் அந்தக் கதவை அடைக்கும். அடுத்து வங்கி. அப்புறம் வேலைக் கணக்குகள். இரட்டைச் சரிபார்ப்பு இல்லாதவற்றில் அதையும் போட்டுவிடுங்கள். மற்றவற்றை ஒரு வாரத்துக்குள் மெதுவாகச் செய்யலாம். பென் டிரைவில் இருக்கும் அந்தக் கோப்பையும் மறக்க வேண்டாம்.


கடுகு

ஐந்து நிமிட வேலை என்று எழுதியதற்கு வருந்துகிறேன். என் பேச்சைக் கேட்டு வேறு பிரவுசருக்கு மாறியிருந்தால் அந்தப் ப்ராக்ஸி கூடவே வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. என் கணினியிலும் மெனுவின் அடியைத் திறந்து பார்த்தேன், அந்த வரி இல்லை.


பனையோலை

கடுகு, பரவாயில்லை, நல்ல மனசோடுதான் சொன்னீர்கள்.

மின்னஞ்சல், வங்கி, வேலைக் கணக்கு மூன்றும் மாற்றியாகிவிட்டது. காலையில் அனுப்ப வேண்டிய கோப்பையும் நேற்று இரவே முடித்து அனுப்பிவிட்டேன். நல்லவையான பத்து எக்ஸ்டென்ஷனில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மீதி எப்போது எதற்குப் போட்டேன் என்றே தெரியவில்லை. பாவம், தமிழ்த் தட்டச்சு எக்ஸ்டென்ஷனை வீணாகச் சந்தேகப்பட்டேன். ஆனால் விண்டோஸ் விசைப்பலகை பழகிவிட்டது, இனி இதிலேயே இருக்கப் போகிறேன்.

ஃபேன் சத்தம் அடங்கிவிட்டது. பிரவுசர் திறக்க இப்போது 25 நொடி ஆகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நடைவண்டி, மிச்சம் உங்கள் வட்டுக் கணக்குதான் என்று நினைக்கிறேன். எஸ்எஸ்டி வாங்கினால் இப்போது இருப்பதை அப்படியே அதற்கு மாற்றலாமா, விண்டோஸைப் புதிதாகத்தான் போட வேண்டுமா?


நடைவண்டி

பொதுவாக அப்படியே பிரதி எடுத்துவிடலாம், அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் புதிதாகப் போடுவதே நல்லது என்பேன். ஒருமுறை நிர்வாகி அனுமதியோடு வேண்டாதது ஓடிய கணினி அது, ஸ்கேனில் மாட்டாமல் ஏதாவது மிச்சமிருந்தால் அதையும் சேர்த்துப் பிரதி எடுப்பானேன்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியானதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் மதர்போர்டு மாடலை இங்கே போடுங்கள். சாட்டா வகையா எம்.2 வகையா, எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.


பனையோலை

சரி. வார இறுதியில் பெட்டியைத் திறந்து மாடலைப் பார்த்து எழுதுகிறேன். திருப்புளி, பென் டிரைவில் இருந்த கோப்பை இப்போதுதான் அழித்தேன்.